கறுப்புக் குட்டி, பழுப்பு மூக்கு: நிறத்தை வைத்து ஜெர்மன் ஷெப்பர்ட் ஒரிஜினலா என்று சொல்ல முடியுமா?

நாலுகால்பிரியன்:
ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன், இன்னும் பணம் கொடுக்கவில்லை. ஆண், ஒன்பது வாரம். உடம்பு முழுக்கக் கறுப்பு, நெஞ்சில் மட்டும் கட்டைவிரல் நகம் அளவு வெள்ளை. அப்பாவுக்கு முதுகில் கறுப்புச் சேணம், காலெல்லாம் செம்பழுப்பு. அம்மா சாம்பல் சேபிள், அதாவது ஒவ்வொரு மயிரிலும் நிறம் மாறும் வகை. ஈற்றில் மொத்தம் ஏழு குட்டி: சேபிள் மூன்று, சேண நிறம் மூன்று, இந்தக் கறுப்பு ஒன்று. சேணக் குட்டிகளில் ஒன்றுக்கு மூக்கு பழுப்பாக இருக்கிறது. பெற்றோர் இரண்டுமே கறுப்பு இல்லாதபோது கறுப்புக் குட்டி எப்படி வரும்? பழுப்பு மூக்கு கலப்புக்கு அடையாளமா? என் குட்டிக்குக் காது இன்னும் நிற்கவில்லை, அதையும் சொல்லுங்கள்.

ஜீன்குறிப்பு:
முதலில் குட்டி நிஜமாகவே முழுக் கறுப்பா என்று பாருங்கள். பின்னங்காலின் உட்புறம், விரல் இடுக்கு, வாலின் அடி ஆகிய மூன்று இடத்திலும் மயிரை விலக்கிப் பார்க்க வேண்டும். அங்கே பழுப்பு மயிர் தெரிந்தால் அது பெரும்பாலும் முழுக் கறுப்பு இல்லை, பைகலர், அதாவது உடம்பு கறுத்துக் கால் போன்ற சில இடங்களில் மட்டும் பழுப்பு உள்ள நிறம். சேபிளா என்று சந்தேகம் வந்தால் தோள்பட்டையில் ஒரு மயிரைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்: அடி வெளிறி, நுனி கறுத்து, ஒரே மயிரில் பட்டை பட்டையாக நிறம் மாறும். முழுக் கறுப்பு நாயின் மயிரில் அந்தப் பட்டை இருக்காது.

இந்த இனத்தில் சேபிள், சேணம், கறுப்பு மூன்றையும் தீர்மானிப்பது அகூட்டி ஜீன். சேபிள் சேணத்தை மூடும், சேணம் கறுப்பை மூடும். அதாவது ஜெர்மன் ஷெப்பர்டின் கறுப்பு வரிசையில் கடைசி, ஒடுங்கு பண்பு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி சேர்ந்தால்தான் வெளியே தெரியும். உங்கள் கதையில் அப்பா சேணம்+கறுப்பு, அம்மா சேபிள்+கறுப்பு என்று வைத்துக்கொண்டால், சராசரியாகப் பாதிக் குட்டிகள் சேபிள், கால் பங்கு சேணம், கால் பங்கு கறுப்பு. ஏழு குட்டியில் மூன்று, மூன்று, ஒன்று என்பது அதற்குள் தாராளமாக அடங்கும்.

நிறம் இனத்தூய்மையை நிரூபிக்காது. ஆனால் சொன்ன பெற்றோர் பொய் என்று சில சமயம் நிரூபிக்கும். பெற்றோரில் வெள்ளை நாய் இல்லாவிட்டால், சேபிள் குட்டிக்குக் குறைந்தது ஒரு சேபிள் பெற்றோர் வேண்டும். சேண நிற ஜோடிக்குச் சேபிள் பிறந்தால் பெடிகிரி என்ற வம்சாவளிக் காகிதம் தப்பு. கறுப்பு ஜோடிக்குக் கறுப்பைத் தவிர சேணமோ சேபிளோ பிறந்தாலும் அப்படியே.

ஒரு எச்சரிக்கை. லாப்ரடார் போன்ற இனங்களில் வரும் கறுப்பு வேறு ஜீனில் இருக்கிறது, கே வரிசை என்பார்கள். அது ஓங்கு பண்பு, ஒரே பிரதி போதும். கண்ணுக்கு இரண்டு கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. பரிசோதனையில் மட்டுமே தெரியும்.

பழுப்பு மூக்கைப் பொறுத்தவரை கண் இமை விளிம்பும் பாத மெத்தையும் பாருங்கள். அவையும் பழுப்பாக, உடம்பில் ஒரு கறுப்பு மயிர்கூட இல்லாமல், முதுகுச் சேணமே சாக்லேட் நிறத்தில் இருந்தால் அது லிவர். இமை கறுப்பாகவே இருந்து மூக்கு மட்டும் வெளிறியிருந்தால் லிவர் இல்லை. லிவரும் ஒடுங்கு பண்புதான். இரு பெற்றோரும் அதை ஒளித்து வைத்திருந்தால், தலைமுறைகள் கழித்தும் தூய இனத்தில் வெளிப்படும். வெள்ளையும் அப்படித்தான். 1899-இல் ஜெர்மன் ஷெப்பர்ட் சங்கம் தொடங்கியபோது முதல் எண்ணில் பதிவான ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத்தின் தாய்வழிப் பாட்டனார் வெள்ளை நாய். அந்த ஜீன் ஆரம்பம் முதலே இனத்துக்குள் இருக்கிறது. அதைச் சுமக்கும் ஜோடிக்கு எட்டுக் குட்டி பிறந்து ஒன்றுகூட வெள்ளையாக இல்லாமல் போக வாய்ப்பு சுமார் 10 சதவீதம். "ஒரு ஈற்றில் வரவில்லை, அதனால் இல்லை" என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

ஷோரிங்:
மேலே சொன்னதற்கு ஒரு சேர்க்கை. "தப்பு நிறம்" வேறு, "கலப்பு" வேறு. உலக நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.-யின் 166-ஆம் எண் தரவரையறை, அதாவது ஜெர்மன் ஷெப்பர்டுக்கானது, மூக்கு கறுப்பாக இருக்க வேண்டும் என்கிறது, வெள்ளையை ஏற்பதில்லை. லிவர் நாயும் வெள்ளை நாயும் நாய்க் கண்காட்சி ரிங்கில் தேறாது. அதனால் ரத்தம் கலந்தது என்று ஆகிவிடாது. முழுக் கறுப்பு முழுமையாக ஏற்கப்பட்ட நிறம்.

நெஞ்சு வெள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம். கருவில் நிறச் செல்கள் முதுகிலிருந்து கீழ்நோக்கி நகர்கின்றன. நெஞ்சும் விரல் நுனியும் அவை கடைசியாக எட்டும் இடங்கள், அங்கே கொஞ்சம் விட்டுப்போகும். வளர வளரப் பெரும்பாலும் சுருங்கும். கழுத்தைச் சுற்றி வளையம், முகத்தில் கோடு, மணிக்கட்டு வரை வெள்ளைக் கால் என்றால் தோண்டிக் கேளுங்கள். மெர்ல் புள்ளி, அதாவது வெளிறிய நிறத்தின் மேல் ஒழுங்கற்ற அடர் திட்டுகள், இருந்தால் பேச்சே வேண்டாம், அந்த ஜீன் இந்த இனத்தில் கிடையாது.

ஒன்பது வாரத்தில் காதை வைத்து எதுவும் சொல்லக்கூடாது. பல் மாறும் நான்கு, ஐந்து மாதத்தில் நின்ற காதுகூட விழுந்து மறுபடி எழும். வளர்ந்த ஆணுக்குத் தோள் உயரம் 60–65 செ.மீ., எடை 30–40 கிலோ; பெண்ணுக்கு 55–60 செ.மீ., 22–32 கிலோ. அதைக் குட்டியில் அளக்க வழியில்லை. அதோடு, ஒரு கலப்புக்குப் பிறகு தொடர்ந்து ஷெப்பர்டோடே சேர்த்தால் அந்நிய ரத்தம் 50, 25, 12.5 என்று பாதி பாதியாகக் குறையும். 12.5-க்கு வந்த நாயைப் பார்வையால் பிரிக்க நடுவருக்கும் கடினம்.

ஸ்வாப்மேசை:
பரிசோதனை செய்வதானால் சரியாகச் செய்யுங்கள். மாதிரியைக் கெடுப்பது பெரும்பாலும் தாய்ப்பாலும் மற்றக் குட்டிகளின் எச்சிலும்தான். குட்டியை இரண்டு மணி நேரம் தனியே வையுங்கள், சாப்பாடும் வேண்டாம். ஒரு கால்நடை மருத்துவர் முன்னால், குட்டியின் தோலுக்கடியில் இருக்கும் அடையாள மைக்ரோசிப்பை ஸ்கேன் செய்து எண்ணை உறையில் எழுதிய பிறகே வாயைத் திறக்க வேண்டும். சிப் எண் இல்லாத முடிவு எந்த நாய்க்கும் சொந்தமில்லை. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஸ்வாப்பை (மாதிரி எடுக்கும் குச்சியை) 30 விநாடி அழுத்தி உருட்டுங்கள், எச்சிலை மட்டும் தொட்டு எடுத்தால் செல் கிடைக்காது. காற்றில் உலர்த்திக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும்.

எந்தச் சோதனை என்பதும் முக்கியம். இனக் கலவைச் சதவீதம் தரும் சோதனை, அந்த ஆய்வகம் சேர்த்து வைத்திருக்கும் நாய்களோடு ஒப்பிடும் மதிப்பீடு மட்டுமே. குட்டி, அப்பா, அம்மா மூவரையும் ஒப்பிடும் பெற்றோர் சோதனைதான் பெடிகிரியைத் தாங்கும்.

நாலுகால்பிரியன்:
குட்டிக்கு நிறச் சோதனை மட்டும் எடுத்தோம், முடிவு வந்துவிட்டது. அகூட்டி: சேபிள் ஒன்று, சேணம் ஒன்று. கே வரிசை: ஓங்கு கறுப்பு ஒரு பிரதி. விற்பவர் "இரண்டும் கறுப்புதானே" என்கிறார்.

ஜீன்குறிப்பு:
இரண்டும் ஒன்றல்ல. இந்தக் குட்டியிடம் ஷெப்பர்டின் ஒடுங்கு கறுப்பு ஒரு பிரதிகூட இல்லை. அதைக் கறுப்பாக்கியது ஓங்கு கறுப்பு. அந்த ஜீன் ஒரு பெற்றோரிடம் இருந்திருந்தால் அந்த நாயே முழுக் கறுப்பாக இருக்கும். வெள்ளை நாயில் மட்டும் அது மறைந்திருக்க முடியும், உங்களுக்குக் காட்டிய இரண்டும் வெள்ளை இல்லை. ஆகவே காட்டிய ஜோடியில் ஒன்றாவது இதன் பெற்றோர் அல்ல.

அம்மா குட்டிகளுக்குப் பால் கொடுப்பதை நேரில் பார்த்திருந்தால், சந்தேகம் அப்பா பக்கம் போகும். ஒரே சூட்டில் பெட்டை இரண்டு ஆணோடு சேர்ந்தால் ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன் வரலாம். அதனால் இந்தக் குட்டி தப்பு என்பதால் ஏழும் தப்பு என்று ஆகாது, மற்றக் குட்டி ஒன்று சரியாக வந்தாலும் இது சரியாகிவிடாது. ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாகப் பெற்றோர் சோதனை வேண்டும்.

மாதிரி மாறியிருக்கலாம் என்று விற்பவர் சொன்னால் நியாயம்தான், சிப் எண்ணோடு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், கூடவே அப்பாவும் அம்மாவும். அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் ஒரிஜினல் என்ற விலைக்கு வாங்காதீர்கள். குட்டி உங்களுக்குப் பிடித்துப்போய்விட்டது என்றால், பெடிகிரி இல்லாத நாய் என்று எழுதி வாங்கி வளர்க்கலாம். அப்படி வாங்கினால், ஷெப்பர்ட் என்று சொல்லி அதை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள்.