மேடைக்காக இல்லாத, சிகிச்சைக்கான பாட்டும் ஆட்டமும்: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

காட்பாடியிலிருந்து:

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வதெல்லாம் புரியும். பதில் சொல்ல வாயெடுத்தால் "அது... அது..." என்பதோடு நின்றுவிடும். ஆத்திரத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து என்றால் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற மனிதர் அவர். பக்கத்துத் தெருக் கோயில் ஒலிபெருக்கியில் ஒருநாள் கூத்துப் பாட்டு போட்டார்கள். அப்பா கூடவே பாடினார், ஒரு வார்த்தை பிசகவில்லை. அம்மா கரண்டியும் கையுமாக ஓடிவந்து பார்த்தார்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் சொன்னோம். அவருக்கு ஆச்சரியமே இல்லை. பேச்சை உண்டாக்கும் பகுதி பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறதாம். பாட்டுக்கு வலப்பக்கமும் கைகொடுப்பதால், பேச வராத பலருக்குப் பாட வருகிறது என்றார். இதை வைத்து அமெரிக்காவில் பாஸ்டன் நகர நிபுணர்கள் 1973லேயே ஒரு பயிற்சி முறையை எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பெண் அப்பாவின் இடது கையைப் பிடித்து மேசையில் தட்டிக்கொண்டே "தண்-ணி-வே-ணும்" என்று இழுத்துப் பாடுவார். ஏறும் சுரம் ஒன்று, இறங்கும் சுரம் ஒன்று, அவ்வளவுதான் ராகம். ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டு. முதலில் அவர் மட்டும் பாடுவார், அப்பா கேட்பார். அப்புறம் இருவரும் சேர்ந்து பாடுவார்கள். அப்புறம் அவர் பாதியில் நிறுத்திக்கொள்ள, அப்பா முடிக்க வேண்டும். "ணும்" என்று அப்பா தனியாக முடித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது தண்ணி, காபி, போதும், வலிக்குது எல்லாம் வருகிறது. சரளமாகப் பேச வரவில்லை. வரும் என்று அந்தப் பெண் வாக்குக் கொடுக்கவும் இல்லை.

நான் கேட்க வந்தது வேறு. சொந்தக்காரர்கள் வந்தால் "பெரியப்பா, ஒரு பாட்டுப் பாடுங்க" என்று போனை நீட்டி வீடியோ எடுக்கிறார்கள். அப்பா முகம் சுருங்கிவிடுகிறது. எப்படித் தடுப்பது?

குடியாத்தத்திலிருந்து, சிறப்புப் பள்ளி ஆசிரியை:

அக்கா, நேராகவே சொல்லித் தடுத்துவிடுங்கள், தயங்க வேண்டாம். உங்கள் அப்பாவுக்கு அது வேடிக்கை காட்டும் பாட்டு இல்லை.

முன்பு நான் வேலை பார்த்த பள்ளியில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன் இருந்தான். சுவரோரம் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பான். "ஆடாதே" என்று சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் அலுத்துவிட்டது. நடன சிகிச்சை படித்த ஒருவர் எங்களுக்குப் பயிற்சி தர வந்தார். அவர் பையனுக்கு எதிரே போகவில்லை. பக்கத்தில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அவன் ஆடுகிற அதே வேகத்தில் தானும் ஆடினார். ரொம்ப நேரம் வேறொன்றும் செய்யவில்லை. பையன் ஓரக்கண்ணால் பார்த்தான். அவர் வேகத்தைச் சற்றே குறைத்தார், அவனும் குறைத்தான். அவன் சட்டென்று நின்றான், அவரும் நின்றார். அப்போது சிரித்தான் பாருங்கள்! மறுபடி நின்று, மறுபடி ஆடி, அவரை அவன்தான் ஆட்டிவைத்தான். அவன் இன்னொருவரோடு விளையாடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இது புதுச் சரக்கு இல்லை. வாஷிங்டனில் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் 1942 முதல் மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர், யாரோடும் பேசாத நோயாளிகளிடம் இப்படித்தான் போனார். அவர்கள் அசைவைத் தன் உடம்பில் வாங்கித் திருப்பித் தந்தார்.

ஆண்டு விழா வந்தது. "பையன்தான் நல்லா ஆடுறானே, வரிசையில நிறுத்துங்க" என்றது நிர்வாகம். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஜிகினாச் சட்டை கழுத்தில் குத்த, ஒலிபெருக்கி அலற, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேடையில் உட்கார்ந்துவிட்டான். கீழே கைதட்டல் வேறு. அதற்கப்புறம் பயிற்சி அறைக்குள்ளேயே வர மாட்டேன் என்றான். இன்றும் எனக்கு ஆறவில்லை.

செய்யாறிலிருந்து:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். உங்கள் ஊர்களைப் போலவே எங்கள் பக்கமும் 1989 வரை வட ஆற்காடு மாவட்டம்தான். புரிசைக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். மகனைப் பறிகொடுத்த என் சித்தி சாவு வீட்டில் அழவே இல்லை. பாரதக் கூத்தில் துரியோதனன் வீழும் படுகளத்தன்று, மண்ணில் கிடக்கும் துரியோதனனுக்காகக் காந்தாரி வேஷக்காரர் ஒப்பாரி வைத்தபோது தரையில் விழுந்து அழுதாள். அதனால் மேடையும் கூட்டமும் எப்போதும் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். அவளை யாரும் தனியாகப் பார்க்கவில்லை, சுற்றிலும் நூறு பெண்கள் அழுதார்கள்.

ஆனால் அதைச் சிகிச்சை என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. மறுநாள் சித்தி எப்படி எழுந்தாள் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. கூத்தாடுகிறவர் விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்து, மரத்தாலான வேஷ அணிகளான கட்டைகளைக் கழற்றி, டீ குடித்து ஊர்க்கதை பேசித்தான் ராஜாவிலிருந்து மனிதனாகிறார். நாடக சிகிச்சையிலும் முடிவில் வேஷம் கலைக்க நேரம் ஒதுக்குவார்கள் என்று கேள்விப்பட்டபோது, இது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததுதானே என்று தோன்றியது.

பாகாயத்திலிருந்து:

செய்யாறு அண்ணன் சொன்னது சரி. என் தம்பிக்கு மனநல சிகிச்சை நடக்கிறது. எங்கள் ஊரில் உள்ள வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் குடும்பத்தில் ஒருவர் நோயாளியோடு கூடத் தங்குகிற வழக்கம் ரொம்பக் காலமாக இருக்கிறது. அதைப் பார்த்தே வளர்ந்ததால் தம்பி எங்கே போனாலும் கூடவே உட்காருவேன். வேறோர் இடத்தில் நாடக சிகிச்சைக் குழு ஒன்றில் சேர்த்தோம். காலி நாற்காலியில் இறந்துபோன அப்பா இருப்பதாக நினைத்துக்கொண்டு பேச வேண்டும். வியன்னாவில் மொரேனோ என்ற மருத்துவர் தொடங்கிய முறையிலிருந்து வந்ததாம். கதவுக்கு வெளியே எனக்குக் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. முடிந்ததும் எல்லோரும் தங்கள் பெயரைச் சொல்லி, கையை உதறி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். "என்ன பேசினான்னு கேக்காதீங்க, அவனே சொன்னா கேளுங்க" என்றார் நடத்துகிறவர்.

புதிதாகச் சேர்க்கிறவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள்: நடத்துகிறவர் நடனமோ நாடகமோ மட்டும் தெரிந்தவரா, சிகிச்சையும் படித்தவரா? நடுவில் ஒருவர் உடைந்து அழுதால் யார் பார்த்துக்கொள்வார்கள்? கடைசியில் மேடை நிகழ்ச்சி உண்டா? உண்டென்றால், வேண்டாம் என்கிறவரை விட்டுவிடுவார்களா? மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடமாக இருந்தால் மேற்கொண்டு கேட்கவே வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள்.