தென்னாப்பிரிக்கா க்ரூகர் வனவிலங்குப் பூங்கா, ஜனவரி: குடும்பக் குழு

தினேஷ்: மாமா, ஜனவரி 2வது வாரம் ஸ்குகூசா கேம்ப்ல 3 நாள் ரூம் போட்டாச்சு. மழைக்காலத்துல புல்லு ஆளுயரம் நிக்கும், ஒண்ணும் தெரியாதுங்கறாங்களே?

சேகர் மாமா: பாதி நிஜம்டா. காடு பூரா குட்டை குட்டையா தண்ணி நிக்கும்போது மிருகம் எதுக்கு ஆத்துக்கு வரணும்? வறண்ட ஆகஸ்ட் மாதிரி தண்ணித்துறையில காத்துக் கிடக்காதே. ரோட்டைப் பாரு. ராத்திரி மழை பெஞ்சா புல்லு ஈரமா கிடக்கும், சிங்கமும் காட்டுநாயும் தார் ரோட்டுக்கு வந்துடும்.

சேகர் மாமா: கேம்ப் கேட் விடிகாலை 4:30க்குத் திறக்கும். 4:25க்கு வண்டி அங்க நிக்கணும். லோயர் சாபி கேம்புக்குப் போற எச்4-1 ரோடு, சுமார் 45 கிமீ. 3 மணி நேரமாவது எடுத்துக்க. தார்ல 50 கிமீ வேகம் வரைக்கும் போகலாம், ஆனா 25ஐத் தாண்டினா புல்லுக்குள்ள இருக்கற காது கண்ணுல படாது.

அனு: வேற எதை வெச்சு கண்டுபிடிக்கறது அத்தை?

கலா அத்தை: இம்பாலா மானை வெச்சுதான்மா. நவம்பர், டிசம்பர்ல எல்லாம் ஒரேடியா குட்டி போட்டுடும். அத்தனையும் ஒண்ணா பொறந்தா சிறுத்தையும் கழுதைப்புலியும் எவ்வளவுதான் தின்னும்? மிச்சம் பொழச்சுக்கும். கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் பாத்து மூக்கால சீறினா, இன்ஜினை அணைச்சுட்டு 20 நிமிஷம் உக்காருங்க. இம்பாலாவைப் பாக்காதே, அது பாக்கற எடத்தைப் பாரு.

தினேஷ்: யானை குறுக்க வந்தா?

சேகர் மாமா: கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல மதநீர் வழிஞ்சு, பின்னங்கால்ல மூத்திரம் சொட்டிக்கிட்டே வந்தா அது மதம் பிடிச்ச ஆண் யானை. இன்ஜினை அணைக்காதே. ரிவர்ஸ்ல மெதுவா 100 மீட்டருக்கு மேல போ. ஹாரன் அடிக்கவே கூடாது. குட்டியோட கூட்டம் ரோட்டைக் கடந்தா கடைசி யானை போற வரைக்கும் நில்லு, நடுவுல வண்டியை விடாதே. மருலா பழம் விழற நேரம் அது, மரத்தடியில யானை நிக்கும்.

கலா அத்தை: ரோட்டுல கிடக்கற யானைச் சாணி மேலயும் ஏத்தாதீங்க. உள்ள சாணிவண்டு இருக்கும். தலைகீழா நின்னு பின்னங்காலால உருண்டையைத் தள்ளிட்டுப் போறதை நின்னு பாருங்க. என்னைக் கேட்டா சிங்கத்துக்குக் குறைஞ்ச காட்சி இல்ல.

கலா அத்தை: பறவைக்கு இதைவிட நல்ல மாசம் கிடையாது. பனங்காடை, செக்கச்செவேல்னு பஞ்சுருட்டான், மீனை விட்டுட்டுப் பூச்சி பிடிக்கற காட்டு மீன்கொத்தி. பட்ட மர உச்சியில அமூர் வல்லூறு உக்காந்திருந்தா விடாம பாருங்க. நம்ம நாகாலாந்துல இறங்கி, அரபிக்கடலைத் தாண்டி வர்ற பறவை அது.

அனு: கேமராவுக்கு?

சேகர் மாமா: ஏசி காரை விட்டு வெளிய நீட்டினா லென்ஸ் ஆவி படிஞ்சு 10 நிமிஷம் போயிடும். விடிகாலைல ஏசியே வேண்டாம், கண்ணாடியை இறக்கு. தடித்த துணிப்பையில 2 கிலோ அரிசி போட்டு ஜன்னல் விளிம்புல வெச்சு அதுமேல லென்ஸை வை, ஆடாது.

கலா அத்தை: மலேரியா மாத்திரையை இப்பவே டாக்டர்கிட்ட கேட்டுடு அனு. மலரோன் எழுதினா போறதுக்கு 1, 2 நாள் முன்னாடி ஆரம்பிச்சு, வந்தப்புறமும் 7 நாள் போடணும். வந்ததும் நிறுத்திடாதே. சாயங்காலம் முழுக்கை சட்டை.

தினேஷ்: மண் ரோட்டுல போகலாமா?

சேகர் மாமா: கனமழை பெஞ்சா மூடிடுவாங்க. காலையில ரிசப்ஷன்ல கேட்டுட்டு கிளம்பு. தாழ்வான பாலத்து மேல கணுக்கால் அளவு தண்ணி ஓடினாலும் இறங்காதே, அடியில ரோடு அரிச்சுப் போயிருக்கலாம். சுத்திட்டு வர நேரம் வேணும், அதனால மத்தியானமே திரும்பற வழியை முடிவு பண்ணிடு. சாயங்காலம் 6:30க்கு கேட்டை மூடிடுவாங்க.