காந்தத் துகளில் கட்டிய பெக்டினேஸ்: நாலாவது சுற்றில் வேலை செய்யவில்லை, பன்னீர் திராட்சைச் சாறும் கறுக்கிறது

வைகைவடகரை கேட்டது:

மதுரைக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் நடக்கும் வேலை. கம்பம் பன்னீர் திராட்சைச் சாற்றைத் தெளிய வைக்க, சாற்றைக் கலங்கலாக்கும் பெக்டினை உடைக்கிற பெக்டினேஸ் என்சைமை மேக்னடைட் (காந்தத்துக்கு வரும் இரும்பு ஆக்சைடு) நானோ துகளில் கட்டி, காந்தத்தால் பிரித்தெடுத்துத் திரும்பத் திரும்பப் போடப் பார்க்கிறோம்.

துகள் செய்த விதம்: ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 5.4 கிராம், ஃபெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 2 கிராம், 100 மிலி தண்ணீர். நைட்ரஜன் விட்டபடி 70 டிகிரியில் 25% அம்மோனியா 20 மிலி. நல்ல கறுப்பாக விழுந்தது, காந்தத்துக்குச் சட்டென்று வருகிறது. 1% அசெட்டிக் அமிலத்தில் கரைத்த கைட்டோசான் பாலிமரை மேலே பூசி, பூச்சையும் என்சைமையும் தைத்துப் பிடிக்க 0.5% குளூட்டரால்டிஹைடில் அரை மணி நேரம். அப்புறம் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பெக்டினேஸ், ட்ரிஸ் பஃபர் பிஎச் 7.5, 4 டிகிரியில் ராத்திரி முழுக்க.

முதல் சுற்றில் 45 டிகிரியில் 90 நிமிடத்தில் சாறு தெளிகிறது. நாலாவது சுற்றில் பாதி வேலைகூட நடப்பதில்லை. அதைவிடப் பெரிய தலைவலி நிறம்: துகள் போட்ட சாறு ஒரு மணி நேரத்தில் மை கலந்த மாதிரி கறுக்கிறது. சாற்றில் டிஎன்எஸ் முறையில் அளந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது.

இன்னொன்று: இதே துகளில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸைக் கட்டி பாட்டில் மூடியின் உள்படலத்தில் வைத்தால், உள்ளே மிஞ்சும் ஆக்ஸிஜனை எடுத்துவிடுமா?

---

கடுக்காய்மை எழுதியது:

என்சைம் சாகிறது என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ அது நின்ற தரையே கரைகிறது என்று படுகிறது.

கைட்டோசானை எதில் கரைத்தீர்கள்? அசெட்டிக் அமிலத்தில். பிஎச் 6-க்குக் கீழே போனாலே அது கரைய ஆரம்பிக்கும். திராட்சைச் சாறு 3.5 வாக்கில் இருக்கும், அதில் டார்டாரிக் அமிலம் வேறு. 0.5% குளூட்டரால்டிஹைடு அரை மணி நேரத்தில் மேல்தோலை மட்டும்தான் தைத்திருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பூச்சு கொஞ்சம் உரிந்து, தன் மேல் இருந்த என்சைமையும் கூட்டிக்கொண்டு போகிறது.

பூச்சு போன இடத்தில் மேக்னடைட் வெளியே தெரியும். டார்டாரிக் அமிலம் இரும்பைப் பிடித்து இழுக்கும் அமிலம். இழுத்த இரும்பு திராட்சைத் தோலின் டானினையும் ஆந்தோசயனின் நிறமியையும் சந்தித்தால் கறுப்புதான். கடுக்காய்த் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு மை காய்ச்சுவார்களே, அதே வேதியியல்.

ட்ரிஸ் பஃபரை விட்டுவிடுங்கள். ட்ரிஸ் மூலக்கூறிலேயே அமீன் இருக்கிறது. என்சைமின் லைசின் (அமீன் உள்ள அமினோ அமிலம்) போய் உட்கார வேண்டிய ஆல்டிஹைடு இடங்களில் அது முதலில் போய் உட்கார்ந்துவிடும். அம்மோனியம் சல்ஃபேட் கலந்த என்சைம் பொடியிலும் இதே கதை, கட்டுவதற்கு முன் டயாலிசிஸ் செய்து (சவ்வுப் பையில் வைத்து உப்பைக் கழித்து) ஆக வேண்டும். இன்னொரு பக்கம், பிஎச் 7.5-ல் ராத்திரி முழுக்க வைத்தால் நைஜர் பெக்டினேஸே பாதி செத்துவிடும். அமில ஊரில் பிறந்த என்சைம் அது.

டிஎன்எஸ் சர்க்கரையை அளக்கும் முறை. சாற்றில் சர்க்கரை ஏற்கெனவே 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் பெக்டின் உடைந்து வரும் துளி காலக்டுரோனிக் அமிலத்தைத் தேடுவது வீண். என்சைமின் வேகம் தெரிய வேண்டுமென்றால் பிஎச் 4.5 பஃபரில் 0.5% பெக்டின் கரைத்து அதில் டிஎன்எஸ் செய்யுங்கள். சாற்றில் ஆல்கஹால் சோதனை போதும்: 5 மிலி சாறு, 1% ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த எத்தனால் 10 மிலி, மெல்லக் கவிழ்த்துக் கலந்து 15 நிமிடம் விடுங்கள். நூல் நூலாகவோ ஜெல்லியாகவோ மேலே எழும்பினால் பெக்டின் பாக்கி இருக்கிறது.

நான் சொன்னது சரியா என்று பார்க்க மூன்று சோதனை.

பூச்சு: சாறே இல்லாமல், 0.5% டார்டாரிக் அமிலத்தை பிஎச் 3.5-க்குக் கொண்டுவந்து அதில் துகளைப் போட்டு 45 டிகிரியில் 2 மணி நேரம். காந்தத்தால் துகளை எடுத்துவிட்டு, தெளிந்த நீரில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச் 9-க்கு ஏற்றுங்கள். வெள்ளைப் பஞ்சாகப் பிரிந்தால் கைட்டோசான். டார்டரேட் இரும்பைக் கரைசலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் துருநிற வீழ்படிவு வந்து குழப்பாது.

இரும்பு: அதே நீரில் (காரம் விடாத பங்கில்) ஹைட்ராக்சிலமீனும் பினான்த்ரோலினும். ஆரஞ்சுச் சிவப்பு வந்தால் இரும்பு. 510 நானோமீட்டரில் அளவும் எடுக்கலாம்.

என்சைம் கசிவு: சாற்றில் 20 நிமிடம் ஓடவிட்டுத் துகளை முழுக்க எடுத்துவிடுங்கள். துகள் இல்லாத சாற்றை அதே 45 டிகிரியில் இன்னும் ஒரு மணி நேரம் வையுங்கள். அதற்கப்புறமும் சாறு தெளிந்துகொண்டே போனால், வேலை செய்வது துகளில் இருக்கும் என்சைம் இல்லை, கழன்று மிதப்பது. முதல் சுற்று அவ்வளவு அழகாக வந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

---

வைகைவடகரை:

மூன்றும் செய்தாயிற்று. பிஎச் 9-ல் வெள்ளைப் பஞ்சு வந்தது. பினான்த்ரோலின் நன்றாகவே சிவந்தது. துகள் எடுத்த சாறும் தெளிந்துகொண்டே போகிறது. ஆக மூன்றிலும் தோல்வி. கைட்டோசானை விட்டால் வேறு எதைப் பூசுவது?

---

சிலிக்காசித்தப்பா எழுதியது:

சிலிக்கா. அமிலத்துக்கு அசையாது. கையில் இருக்கும் மேக்னடைட்டையே வைத்துச் செய்யலாம், புதிதாகத் துகள் போட வேண்டாம். ஆனால் கைட்டோசான் பூசாத பங்காக இருக்க வேண்டும், ஒருதடவையும் காய்ந்திருக்கக் கூடாது. காய்ந்த மேக்னடைட் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு சோனிகேட் செய்தாலும் (மீயொலியால் உதறினாலும்) முழுசாகப் பிரியாது. பழுப்பு ஏறியிருந்தால் ஆக்ஸிஜன் பட்டுவிட்டது என்று அர்த்தம், அதைக் கொட்டிவிடுங்கள்.

0.1 கிராம் துகள், 80 மிலி எத்தனால், 20 மிலி டிஸ்டில்டு வாட்டர், 20 நிமிடம் சோனிகேட்டர். 25% அம்மோனியா 1 மிலி. பிறகு டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் 0.15 மிலி, கொஞ்சம் எத்தனாலில் கலந்து அரை மணி நேரத்தில் துளித்துளியாக. 6 மணி நேரம் கலக்க வேண்டும். கலக்குவதற்குக் காந்த ஸ்டிரர் கூடாது. துகள் மொத்தமும் அந்தக் குச்சியில் போய் ஒட்டிக்கொள்ளும், கரைசலில் வெறும் சிலிக்கா உருண்டை தனியாக உருவாகும். மேலிருந்து இறங்கும் துடுப்பு ஸ்டிரர்தான். சிலிகேட்டை ஒரே ஊற்றாக ஊற்றினாலும் இதே கதி: காந்தத்துக்கு வராத வெள்ளைப் பால் மேலே மிஞ்சும். அதைக் காந்தம் வைத்துக் கழுவிக் கழுவி வெளியேற்றுங்கள்.

பூச்சில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். 10 மில்லிகிராம் துகளை 10 மிலி 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் மஞ்சளாக இருந்தால் ஓட்டை, இன்னொரு தடவை பூச வேண்டும். தண்ணீர் மாதிரி இருந்தால் சாற்றை நினைத்துப் பயப்பட வேண்டாம். பூச்சு தடிக்கத் தடிக்கக் காந்தத்துக்கு வரும் வேகம் குறையும். ஸ்பீக்கரில் கழற்றிய ஃபெரைட் காந்தம் அப்போது போதாது, நியோடிமியம் வாங்குங்கள்.

அடுத்து அமீன் ஏற்றுவது. 95% எத்தனால் 50 மிலி, அமினோபுரொப்பைல் ட்ரைஎத்தாக்சிசிலேன் 1 மிலி, 60 டிகிரியில் 5 மணி நேரம். எத்தனாலில் மூன்று தடவை கழுவல். இந்த சிலேன் பாட்டில் நம்மூர் ஈரக்காற்றில் திறந்து கிடந்தால் தானே பிணைந்து கலங்கிவிடும். கலங்கினதை வைத்து மல்லுக்கட்டாதீர்கள். கழுவின பிறகு குளூட்டரால்டிஹைடு: 25% கரைசல் 5 மிலி, பிஎச் 7 பாஸ்பேட் பஃபர் 45 மிலி, ஒன்றரை மணி நேரம். துகளின் நிறம் பழுப்புச் சிவப்புப் பக்கம் சாயும். குறைந்தது ஐந்து தடவை கழுவுங்கள், இங்கே அவசரப்பட்டால் மிஞ்சும் ஆல்டிஹைடு என்சைமை ஒன்றோடொன்று தைத்துவிடும்.

என்சைமை பிஎச் 5.5–6 அசெட்டேட் அல்லது பாஸ்பேட் பஃபரில், 4 டிகிரியில் 12 மணி நேரம் கட்டுங்கள். லைசின் நன்றாகப் பிடிக்க பிஎச் 8 வேண்டும், பெக்டினேஸ் உயிரோடு இருக்க 5 வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இந்த இடம். மிலிக்கு 0.25, 0.5, 1 மில்லிகிராம் புரதம் என்று மூன்று அளவில் போட்டுப் பாருங்கள். நிறைய ஏற்றினால் நிறைய வேலை என்பது இங்கே பொய். பெக்டின் நீளமான சங்கிலி. என்சைம் நெருக்கியடித்து நின்றால் அந்தச் சங்கிலி உள்ளே நுழைய இடம் இருக்காது. கடைசியில் 0.1 மோலார் கிளைசின் ஒரு மணி நேரம், மிச்சமுள்ள ஆல்டிஹைடை அடைக்க.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ரெசிபி நன்றாக இருக்கிறது. ஆனால் ஆய்வுக்கட்டுரைக்கா, கம்பத்தில் சாறு போடும் ஆலைக்கா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கட்டிய என்சைமுக்கு ஆலையில் பெயர் வாங்கித் தந்தது குளுக்கோஸ் ஐசோமரேஸ். அது குளுக்கோஸை ஃபிரக்டோஸாக மாற்றும் என்சைம். அது பிடிக்க வேண்டியது சின்ன மூலக்கூறு, தெளிந்த பாகு, துகள் நகராமல் நிற்கும் படுகை, 55–60 டிகிரியில் மாதக்கணக்கில் ஓடும். பெக்டினேஸுக்கு இதில் ஒன்றும் அமையவில்லை. பெக்டின் பெரிய மூலக்கூறு, சக்கை மிதக்கும் கலங்கல் சாறு, ஒவ்வொரு சுற்றிலும் நிறமியும் டானினும் துகளில் அப்பிக்கொள்ளும். துகளில் கட்டாத பெக்டினேஸ் போட வேண்டிய அளவே ரொம்பக் குறைவு, எப்படியும் பாஸ்சரைசேஷனில் செத்துப்போகும். அதைத் திரும்ப எடுத்து மிச்சம் பிடிக்கும் காசு சிலேனுக்கே காணாது.

சாற்றில் நானோ துகள் துளியும் மிஞ்சவில்லை என்று காட்டவும் வேண்டும். புதிய தொழில்நுட்பத்தில் பதப்படுத்திய உணவு, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2017 விதிமுறைப்படி முன் அனுமதி வாங்க வேண்டிய வகையில் வரும். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-ல் நானோ வேளாண் இடுபொருள், உணவுப் பொருள்களை மதிப்பிட வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வேலையை எழுதும் முன் அதை ஒருதடவை படித்துவிடுங்கள்.

நானோதான் வேண்டும் என்றால் பால் பக்கம் வாருங்கள். பாலின் பிஎச் 6.7, இரும்பு கரையும் தொல்லை குறைவு, லாக்டோஸ் சின்ன மூலக்கூறு. லாக்டோஸை உடைக்கும் என்சைமான லாக்டேஸ், குளுவெரோமைசிஸ் லாக்டிஸ் ஈஸ்டிலிருந்து எடுத்தது, அந்த பிஎச்-க்கே பொருந்தும். அதற்கு மெக்னீசியம் வேண்டும், ஆகவே உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ பக்கமே போகக் கூடாது.

---

கடுக்காய்மை:

பால் யோசனை சரிதான், ஆனால் பாலில் கொழுப்பும் கேசின் புரதமும் துகளை மூடிவிடும். கொழுப்பு நீக்கிய பாலில் ஆரம்பியுங்கள். துகளைப் பழைய நிலைக்குக் கழுவிக் கொண்டுவருவதுதான் அங்கே பாதி வேலை.

மூடி விஷயம் இன்னும் யாரும் தொடவில்லை. குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் ஆக்ஸிஜனை எடுக்கும், சரி. எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடைக் கக்கும். திராட்சையின் நிறத்தை பெராக்சைடு வெளுத்துவிடும். கூடவே பெராக்சைடை உடைக்கும் காட்டலேஸ் என்சைமைக் கட்டினால் பெராக்சைடு போகும், ஆனால் எடுத்த ஆக்ஸிஜனில் பாதி திரும்பி வரும். அந்தப் பாதியை மறுபடி எடுத்து, மறுபடி பாதி என்று போய்த்தான் தீர வேண்டும். சாற்றின் பிஎச் 3.5 இந்த என்சைமுக்கு ரொம்பக் கீழே, 5.5 வாக்கில்தான் அது நன்றாக ஓடும். 85 டிகிரியில் சூடாக நிரப்பி பாட்டிலைக் கவிழ்க்கும் வழக்கம் இருந்தால் மூடியில் இருக்கும் என்சைம் அங்கேயே முடிந்தது. காய்ந்த படலத்தில் தண்ணீரும் குளுக்கோஸும் இல்லாமல் அது அசையவும் அசையாது. திராட்சைச் சாற்றுக்கு இது தோதுப்படாது, ஈரமும் குளுக்கோஸும் உள்ள, அமிலம் குறைந்த, சூடாக நிரப்பாத பொருளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

---

வைகைவடகரை:

மூடியை விட்டாயிற்று. சிலிக்கா பூசி, ஹைட்ரோகுளோரிக் சோதனை தாண்டினதும் சாற்றில் போடுகிறேன். ஒரு சின்ன சந்தேகம்: சுற்றுக்குச் சுற்று துகளைக் கழுவ ஆய்வகத்துக் குழாய்த் தண்ணீர் போதுமா? போர் தண்ணீர்தான் வருகிறது.

---

சிலிக்காசித்தப்பா:

கூடாது. விற்பனை பெக்டினேஸில் பெக்டின் மெத்தில் எஸ்டரேஸும் இருக்கும். அது மெத்தில் குழுவை வெட்டிய பெக்டினைப் போர் தண்ணீரின் கால்சியம் கட்டி ஜெல்லியாக்கும். துகளைச் சுற்றி ஜெல்லி உறை போட்டால் என்சைம் உயிரோடு இருந்தும் வேலை நடக்காது, நீங்கள் மறுபடி வந்து நாலாவது சுற்று போய்விட்டது என்று எழுதுவீர்கள். பிஎச் 4.5 அசெட்டேட் பஃபரில் இரண்டு தடவை, டிஸ்டில்டு வாட்டரில் ஒரு தடவை. நிறமி அப்பித் துகள் ஊதாவாகத் தெரிந்தால் அதே பஃபரில் 0.5 மோலார் சோடியம் குளோரைடு கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு கழுவுங்கள்.