அப்பாவின் கசெற், சீடி எல்லாம் நாஸில் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் டிஸ்க் பெட்டி) போட்டு வீடு முழுக்கக் கேட்க என்ன வாங்கலாம்?

கடலோரத்தண்டவாளம் கேட்டது:

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருக்கிறோம், ஜன்னலைத் திறந்தால் மரைன் டிரைவும் கடலும்தான். அப்பா சேர்த்து வைத்த பாட்டெல்லாம் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. சீடி கிட்டத்தட்ட 300, எல்லாவற்றையும் ஃபிளாக்காக மாற்றி முடித்துவிட்டேன். கசெற் 180. அதில் 110 வரைக்கும் அப்பா இருக்கும்போதே டெக்கிலிருந்து லப்டொப்புக்கு வயர் போட்டு, ஒவ்வொரு ஞாயிறும் உட்கார்ந்து வேவ் பைலாக எடுத்து வைத்தார். மிச்சம் 70 இன்னும் பெட்டிக்குள் கிடக்கிறது.

இதெல்லாம் ஒரே ஒரு 2 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. போன கிழமையிலிருந்து அதைச் செருகினால் டிக் டிக் என்று ஒரு சத்தம், இரண்டு தரம் லப்டொப்பில் தெரியாமலே போய்விட்டது. அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

அம்மா சமையலறையில் போனில் கேட்க வேண்டும், ஹோலில் இருக்கும் பழைய அம்ப்ளிஃபயரில் ஒலிக்க வேண்டும், கோட்டைக்கு வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் நான் கேட்க வேண்டும், டொரன்டோவில் இருக்கும் தம்பியும் கேட்க வேண்டும், இவ்வளவுதான் ஆசை. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் விசாரித்தால் நான்கு டிஸ்க் போடுகிற பெட்டியும் நான்கு 8 டிபி டிஸ்க்கும் வேண்டும் என்றார்கள், விலையைக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன். ராஸ்பெரி பை என்கிற கையளவுக் கணினி ஒன்றே போதும் என்கிறான் ஒரு நண்பன். எது சரி? இன்னொன்று, பாதிப் பாட்டுக்குப் பெயர் எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் கசெற்றுகளில் பாதி சினிமாப் பாட்டு இல்லை. ஊர்க் கோயில் திருவிழாவில் எடுத்த நாதஸ்வரம், பெரியம்மா வீணை பழகியது, ரேடியோவில் போனதைப் பதிந்தது. சிலவற்றின் கடைசியில் அப்பா தேதியைச் சொல்லி முடிப்பார். அதை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.


கம்பிவலை எழுதியது:

தம்பி, நாஸைப் பிறகு பார்ப்போம். அந்த டிஸ்க்கை இப்போதே கழற்றி வையுங்கள். பாட்டுக் கேட்க, போல்டர் திறந்து பார்க்க என்று இனி ஒரு தரமும் செருக வேண்டாம். புது டிஸ்க் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு ஒரே தரம் செருகி, முதலில் கசெற் போல்டரை மட்டும் பிரதி எடுங்கள். சீடியை வேண்டுமென்றால் மறுபடி சீடியிலிருந்தே எடுக்கலாம், அதனால் அது கடைசி. லினக்ஸ் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் டிடிரெஸ்கியூ போடச் சொல்லுங்கள், அது படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய் நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடத்துக்குப் பிறகு திரும்பி வரும். விண்டோஸ் "ஸ்கேன் பண்ணித் திருத்தவா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், சாகப் போகிற டிஸ்க்கில் எழுதவே கூடாது. பிரதி எடுக்கும்போது சத்தம் கூடினால் உடனே நிறுத்திவிட்டு, டேட்டா மீட்டுத் தருகிறவர்களிடம் கொடுங்கள். செலவுதான், ஆனால் பெரியம்மாவின் வீணை அதற்குள் இருக்கிறது.

இனிப் பெட்டி. கணக்குப் பார்த்தால் உங்களுக்கு 8 டிபி ஏன் என்றே விளங்கவில்லை. சீடித் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு சுமார் 10 எம்பி, ஒரு மணி நேரக் கசெற் வேவாக 635 எம்பி. 180 கசெற்றுக்கும் சேர்த்து 115 ஜிபி. ஃபிளாக் ஆக்கினால் அதில் பாதி, கூடிப்போனால் அறுபது சதவீதம், ஒலியில் ஒரு துளி குறையாது. சீடி 300ம் ஃபிளாக்கில் 100 ஜிபி சொச்சம்தான் வரும். எல்லாம் சேர்த்து 200 ஜிபியைத் தாண்டாது. இரண்டு டிஸ்க் போடுகிற சின்னப் பெட்டி, உள்ளே கடையில் கிடைப்பதில் சின்ன அளவு டிஸ்க் இரண்டு, அது தாராளம். வேகத்தைப் பற்றியும் கவலை வேண்டாம், சீடித் தரம் நொடிக்கு 1.4 மெகாபிட்தான், வீட்டில் நாலு பேர் நாலு பாட்டு கேட்டாலும் பெட்டி களைக்காது. பெட்டியை மட்டும் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து லான் வயரில் இணைத்துவிடுங்கள், வைஃபையில் தொங்கவிட வேண்டாம். கொங்கிரீட் சுவர் தாண்டாத பின்னறைக்கு, அங்கே வைஃபை பரப்ப ஒரு அக்சஸ் பொயின்ட், அதற்கும் வயர் இழுத்தால்தான் நல்லது.

பை பற்றி நண்பர் சொன்னதும் பிழை இல்லை. பாட்டுக்கு அதன் பலம் போதும். பை 4இல் நாலு யூஎஸ்பிக்கும் சேர்த்து 1.2 அம்பியர்தான் வரும், இரண்டு போர்ட்டபிள் டிஸ்க்கை நேராகச் செருகினால் திணறும், தனிக் கரண்ட் உள்ள ஹப் வேண்டும். எஸ்டி கார்டில் ஓடவிட்டால் கரண்ட் படக்கென்று போகும் ஒவ்வொரு தரமும் கார்டுக்கு ஆபத்து. உங்களுக்கு இதில் நோண்ட நேரமும் விருப்பமும் இருந்தால் பை, இல்லையென்றால் பெட்டி. என் கருத்து பெட்டி, ஏனென்றால் நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் பாட்டு நின்றால் அம்மா என்ன செய்வார்?

யூபிஎஸ் கட்டாயம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் என் பெட்டி எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டு தரம் அணைந்து, டிஸ்க்கில் இருந்த பைல் எதுவுமே திறக்காமல் போய், பக்கப் பிரதியிலிருந்துதான் எல்லாவற்றையும் மீட்டேன். பெரிய யூபிஎஸ் வேண்டாம், யூஎஸ்பி வயரால் பெட்டியோடு கதைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கரண்ட் போனதும் பெட்டி தானே ஒழுங்காக அணைந்துவிடும், சில நிமிடம் தாங்கினால் போதும்.

ஒரு விஷயம் மறக்க வேண்டாம். இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரம் எழுதுகிற ரெயிட் 1, ஒரு டிஸ்க் செத்தால்தான் காப்பாற்றும். தவறுதலாக ஒரு போல்டரை அழித்தால் அதே நொடி இரண்டிலும் அழியும். மூன்றாவது பிரதி ஒன்று கொழும்புக்கு வெளியே, யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டு அலுமாரியில் என்றாலும் இருக்கட்டும்.


ராகமாலிகை எழுதியது:

பெயர்க் குப்பைக்கு நான் சொல்கிறேன், இதில் ஒரு வருடம் போனது எனக்கு. இரண்டு விதமான குப்பை இருக்கிறது. எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் அப்பா பாமினியில் தட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும், எழுத்துரு இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும். அது அழியவில்லை, அப்படியே மீட்கலாம். எம்பி3டாக் என்கிற, பாட்டின் விவரத்தைத் திருத்தும் மென்பொருளில் பெயர்களையெல்லாம் ஒரு டெக்ஸ்ட் பைலாக வெளியே எடுத்து, பாமினியை யூனிகோடாக மாற்றுகிற தளம் ஏதாவது ஒன்றில் போட்டு மாற்றி, திரும்ப உள்ளே ஏற்றுங்கள். கேள்விக்குறியும் கட்டமுமாக இருந்தால்தான் சிக்கல், அதைக் கேட்டுக் கேட்டுக் கையால்தான் எழுத வேண்டும்.

அப்புறம், அப்பிள் மக் கணினியில் எடுத்த பைல் இருக்கிறதா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. "கொழும்பு" என்று எழுதினால் அந்தக் "கொ" இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம், ஒற்றைக் குறியாக "ொ", அல்லது "ெ" தனியாகவும் "ா" தனியாகவும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், லினக்ஸில் ஓடும் நாஸ் பெட்டிக்கு இரண்டும் வேறு வேறு பெயர். பழைய மக்குகள் பைல் பெயரைப் பிரித்துத்தான் வைக்கும். அங்கிருந்து பிரதி எடுத்தால் ஒரே போல்டர் இரண்டாக நிற்கும், தேடினால் பாதிப் பாட்டு வராது. கொ, கோ, கௌ வருகிற பெயர் எல்லாவற்றிலும் இது நடக்கும். ஆர்சிங் என்கிற பிரதி எடுக்கும் நிரலில், எடுக்கும்போதே எழுத்து மாற்றச் சொல்லலாம், ஐகான்வ் தெரிவு அதற்குத்தான்.

நீளத்திலும் கவனம் வேண்டும். விண்டோஸ் 255 எழுத்தை ஏற்றுக்கொள்ளும், லினக்ஸ் 255 பைட்டைத்தான் பார்க்கும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், "பா" எழுதினாலே 6 போய்விட்டது. பாட்டு, படம், பாடியவர்கள், இசையமைப்பாளர் எல்லாவற்றையும் பைல் பெயரில் அடைத்தால் பாதியில் பிரதி நின்றுவிடும். சைனாலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டியில் போல்டரை என்கிரிப்ட் செய்து பூட்டினால் இன்னும் சுருங்கி, தமிழில் 47 குறியோடு முடிந்துவிடும். அதனால் பைல் பெயரைச் சின்னதாக வையுங்கள், விவரமெல்லாம் டாக்குக்குள், அதாவது பைலுக்கு உள்ளே இருக்கும் விவரப் பகுதிக்குள் போகட்டும். ஒரு படத்தில் ஆறு பாட்டு, ஆறு பேர் பாடியிருந்தால் அல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் இசையமைப்பாளர் பெயரையே எல்லாப் பாட்டுக்கும் போடுங்கள், அது காலியாக இருந்தால் ஒரு படம் ஆறு அல்பமாகச் சிதறி நிற்கும். பெரியம்மா வீணைக்கு அவர் பெயரையே போடுங்கள். அவரும் அந்தப் பட்டியலில் ஒரு கலைஞராக நிற்கட்டும்.


கடலோரத்தண்டவாளம் எழுதியது:

அக்கா, அப்பாவின் கடைசி லப்டொப் மக்தான்! இப்போதுதான் விளங்குகிறது. கோயில் என்று தேடினால் ஒன்றும் வராது, ஆனால் போல்டர் கண்முன்னாலேயே இருக்கும். அண்ணா, டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டேன், நாளைக்குப் புது டிஸ்க் வாங்கி வருகிறேன். தம்பி டொரன்டோவிலிருந்து கேட்பதற்கு என்ன செய்வது? வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் போர்ட் என்கிற வழியைத் திறக்கச் சொல்லி ஒரு வீடியோவில் பார்த்தேன்.


பழையரேப் எழுதியது:

மிச்சம் 70 கசெற்றைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அதனால் நான். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வைத்திருக்கும் கசெற்றைப் பிளேயரில் போட முன்னர் ஜன்னலில் பிடித்து நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். சுற்றின் மேல் வெள்ளைப் பொடி போலத் தெரிந்தால் அது பூஞ்சணம், அப்படியே போட்டால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெற்றுக்கும் பரவும். அதைத் தனியாக ஒதுக்குங்கள். நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு இருக்க வேண்டும், பழைய கசெற்றில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும், விழுந்திருந்தால் சத்தம் வந்து வந்து போகும். பாடாத கசெற்றிலிருந்து ஒன்றைக் கழற்றி ஒட்டலாம்.

டெக்கில் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன திருகாணி இருக்கும், அசிமத் என்பார்கள். ஒவ்வொரு கசெற்றும் அது பதியப்பட்ட டெக்கின் கோணத்தில்தான் தெளிவாகப் பாடும். சலங்கை, தாளம் போன்ற கூரான சத்தம் மங்கலாக இருந்தால் அதை மெல்ல, மிக மெல்லத் திருகிக் கேளுங்கள், ஒரு இடத்தில் திரை விலகியது போல ஒலி திறக்கும். பிறகு கணினியில் எவ்வளவு திருத்தினாலும் அந்தத் தெளிவு வராது. 24 பிட்டில் பதியுங்கள், ஒலி மட்டத்தைக் கொஞ்சம் குறைவாக வைக்க இடம் கிடைக்கும். பதிந்து முடிந்தாலும் கசெற்றை எறிய வேண்டாம்.


கம்பிவலை எழுதியது:

போர்ட் திறக்க வேண்டாம் தம்பி. 2022இல் டெட்போல்ட் என்று ஒரு கப்பம் கேட்கும் மென்பொருள், இணையத்துக்கு நேராகத் திறந்து கிடந்த வீட்டு நாஸ் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டியது. அதோடு உங்கள் இணைப்பு பலரோடு ஒரே ஐபி முகவரியைப் பகிர்கிற மாதிரி இருந்தால், திறந்தாலும் வெளியிலிருந்து வர முடியாது. டெயில்ஸ்கேல் என்கிற செயலியைப் போடுங்கள், பெட்டியிலும் தம்பியின் போனிலும் உங்கள் போனிலும். போர்ட் எதுவும் திறக்காமல் மூன்றும் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருப்பது போல ஆகிவிடும்.

பாட்டு பரிமாற நவிட்ரோம் என்கிற மென்பொருள் போதும், இலவசம், பெட்டியில் டொக்கர் (இப்படியான மென்பொருளை ஓடவிடும் தளம்) ஓடுமா என்று மட்டும் வாங்க முன் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகும்போதும் டொரன்டோவுக்கும் ஒபஸ் என்கிற சிறிய பைல் வகையில் 128 கிலோபிட்டாகச் சுருக்கி அனுப்பச் சொல்லலாம், டேட்டா மிஞ்சும். வீட்டுக்குள் ஃபிளாக் அப்படியே போகட்டும். பழைய அம்ப்ளிஃபயருக்கு இங்கேதான் ஒரு பை வேலைக்கு வரும், அதன் மேல், டிஜிட்டல் பாட்டை அம்ப்ளிஃபயர் ஏற்கும் ஒலியாக மாற்றும் டக் பலகை ஒன்றைப் பொருத்தி, சிவப்பு வெள்ளை வயரை ஓக்ஸில் செருகினால் சரி. அம்மாவின் அண்ட்ரொய்ட் போனில் சிம்போனியம் என்கிற செயலியை வாங்கிப் போட்டால் அதிலிருந்தே ஹோலுக்கு அனுப்பலாம்.

பெட்டியை ஜன்னல் பக்கம் வைக்க வேண்டாம், உப்புக் காற்று யூஎஸ்பி வாயெல்லாம் பச்சை பிடிக்கவைக்கும்.


கடலோரத்தண்டவாளம் எழுதியது:

மூன்று கிழமை கழித்து வருகிறேன். டிஸ்க்கில் 110 கசெற்றில் 108 முழுதாக வந்தது, வராத இரண்டின் கசெற்றும் பெட்டியில் இருக்கிறது, மறுபடி பதியலாம். இரண்டு டிஸ்க் பெட்டி வாங்கினேன், மூன்றாவது பிரதி சித்தியோடு யாழ்ப்பாண பஸ் ஏறிவிட்டது.

கசெற் உறைக்குள் இருக்கும் அட்டையை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்து, கவர் படமாகப் போட்டுக்கொண்டு வருகிறேன். நீலப் பேனை, அப்பாவின் சாய்ந்த எழுத்து, பக்கம் அ, பக்கம் ஆ, ஓரத்தில் "இதன் மேல் பதிய வேண்டாம்" என்று இரண்டு கோடு. அம்மாவுக்குப் பெயர் தேடத் தெரியாது, படத்தைப் பார்த்துத்தான் தெரிவு செய்கிறார். நேற்று இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு வந்து ஒரு அட்டையை அழுத்தினார், கோயில் நாதஸ்வரம். முடிந்து அப்பா தேதி சொல்லும் வரைக்கும் அடுப்புப் பக்கம் திரும்பவில்லை.

பழையரேப் ஐயா, நீங்கள் சொன்ன வெள்ளைப் பொடி ஏழு கசெற்றில் இருக்கிறது. தனியாக வைத்திருக்கிறேன். அதை எப்படித் துப்பரவு செய்வது?