அப்பத்தாவின் செம்பு அண்டாவில் அல்லி வைத்தேன், மீன்கள் செத்துவிட்டன

தேவகோட்டை வளவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தேவகோட்டையில் எங்கள் பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் இருக்கிறோம். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று ஏதாவது வந்தால்தான் பங்காளிகள் வந்து வீடு நிறையும். மற்ற நாளில் முற்றத்தில் வெயில் விழுவதையும் நகர்வதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே ஒரு சின்னக் குளம் மாதிரி வைத்து, அல்லி பூக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

இரண்டாங்கட்டு அறையில் அப்பத்தாவுக்குச் சீர் கொடுத்த செம்பு அண்டா ஒன்று சும்மா கிடந்தது. இரண்டு நாள் புளி போட்டுத் துலக்கினேன், தங்கம் மாதிரி ஆகிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் தோட்டக் கலவையும் மண்புழு உரமும் போட்டு அல்லிக் கிழங்கு வைத்தேன். காரைக்குடியில் பன்னிரண்டு கப்பி மீன் வாங்கி விட்டேன். செடியோடு இரண்டு நத்தைகளும் வந்திருந்தன. மறுநாளே நத்தைகள் செத்தன. மூன்றாம் நாள் காலையில் எட்டு மீன்கள் மிதந்தன. மிச்சம் நான்கை உடனே பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றினேன், அவை இன்னும் இருக்கின்றன. உரம் எல்லாம் மேலே மிதந்து தண்ணீர் காபி நிறமாகிவிட்டது.

தண்ணீர்தான் கெட்டதா? அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் நாங்களும் குடிக்கிறோம். கொல்லையில் நான்கடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றேகால் அடி ஆழத்தில் ஒரு கல்தொட்டியும் இருக்கிறது, ஐயா காலத்தில் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்த தொட்டி. அதில் வைக்கலாமா? இன்னொரு தடவை உயிரைக் கொல்ல எனக்கு மனசில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் தொட்டிக்காரன் எழுதியது:

ஆச்சி, கிணற்றுத் தண்ணீர் மேல் பழி வேண்டாம். நத்தைதான் முதலில் செத்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, அண்டாதான் காரணம். செம்பு தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். நமக்கு ஒன்றும் தெரியாத அளவிலேயே மீனின் செவுள் கெட்டுவிடும், நத்தை அதற்கும் முன்னால் போய்விடும். பாசியைக் கொல்லப் போடும் மயில்துத்தமும் செம்பு உப்புதான். செப்புக்குடத்துத் தண்ணீர் கெடாமல் இருப்பதாக வீட்டில் சொல்வார்களே, அதே குணம்தான் இங்கே மீனைக் கொன்றது. புளி போட்டுத் துலக்கியதில் மேலே படிந்திருந்த களிம்பும் போய், புதுச் செம்பு நேராகத் தண்ணீரைத் தொட்டிருக்கிறது. பித்தளையும் ஆகாது, அதில் செம்போடு துத்தநாகமும் உண்டு. உள்ளே ஈயம் பூசியிருந்தாலும் நம்ப வேண்டாம், பழைய பூச்சு எங்கே தேய்ந்திருக்கும் என்று தெரியாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் ஒரு பித்தளைக் கிடாரத்தில் மீன் விட்டு இழந்தவன். அன்றைக்கு இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அண்டாவை ஒதுக்க மனம் வராது, தெரியும். அதற்குள் அடங்குகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப் வாங்கி இறக்குங்கள், சுற்றி உள்ள இடைவெளியில் மணல் போடுங்கள். வெளியே அப்பத்தாவின் அண்டா, உள்ளே மீன்.

ஆனால் என்னைக் கேட்டால் கல்தொட்டிதான் அருமையான இடம். நீங்கள் சொன்ன அளவுக்கு 10 கன அடி, கிட்டத்தட்ட 280 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் அதிகமாக இருந்தால் சூடும் மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அது பெரிய விஷயம். நிரப்பிய பிறகு தண்ணீர் மட்டுமே 280 கிலோ, அதனால் தொட்டியைத் தரையிலேயே வையுங்கள், திண்ணையிலோ மாடியிலோ ஏற்ற வேண்டாம். முற்றத்தைவிடக் கொல்லை நல்லது. அல்லிக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும், சுற்றிலும் கட்டடம் உள்ள முற்றத்தில் உச்சி வெயில் மட்டும்தான் கிடைக்கும்.

சுண்ணாம்புக் காரம் போக வேண்டும். நார் போட்டுத் தேய்த்து, நிரப்பி மூன்று நாள் விட்டுக் கொட்டுங்கள். இப்படி நான்கைந்து தடவை. அடியில் வடிகால் துளை இருந்தால் ரப்பர் தக்கை போதும். சிமெண்ட் வைத்து அடைத்தால் அந்தக் காரமும் சேரும், இரண்டு மூன்று வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் மண். தோட்டக் கலவை, தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் எதுவும் தண்ணீருக்குள் போகக் கூடாது. மிதக்கும், அழுகும், பாசிக்குச் சாப்பாடாகும். வயல் களிமண்ணோ கண்மாய் வண்டலோ வேண்டும், நம் வீட்டுச் செம்மண் மட்டும் போதாது. அகலமான மண்சட்டியில் களிமண்ணை அழுத்தி நிரப்பி, கிழங்கின் குருத்து வெளியே தெரிய நட்டு, மேலே ஒரு விரற்கடைக்குக் கூழாங்கல் பரப்புங்கள். எலும்புத்தூள் ஒரு கரண்டி எடுத்துச் செய்தித்தாளில் மடித்துக் களிமண்ணுக்குள் ஆழமாகச் செருகினால், அந்தப் பருவத்துக்குப் போதும். சட்டியை முதலில் இரண்டு செங்கல் மேல் வைத்து, இலை நீள நீள இறக்குங்கள். கூடவே கொஞ்சம் வேலம்பாசி போடுங்கள், அது தண்ணீருக்குள்ளேயே வளரும் செடி. ஓரத்தில் செங்கல் மேல் வல்லாரையும் நீர்ப்பிரமியும் வரும், வல்லாரை சட்னிக்கும் ஆகும்.

இனிமேல்தான் பலர் தோற்கும் இடம். இரண்டாம் வாரம் தண்ணீர் பச்சையாகும். பார்த்ததும் பயந்து முழுவதையும் கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற்றுவார்கள், அது மறுபடி பச்சையாகும். கொட்டாதீர்கள் ஆச்சி. இலை பரவிப் பாதிக்கு மேல் தண்ணீரை மூடினால் பாசிக்கு வெயில் கிடைக்காது, மூன்று நான்கு வாரத்தில் தானாகத் தெளியும். அதுவரை மீன் விடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

பிறகு ஆறு மீன் போதும். கப்பி மாதாமாதம் குட்டி போட்டு நிறைந்துவிடும். மிச்சத்தைக் கேட்பவர்களுக்குக் கொடுங்கள், ஊரணியில் மட்டும் விடாதீர்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன், நம் மீன்களின் குஞ்சைத் தின்றுவிடும். ஆகாயத்தாமரையும் அப்படித்தான், யாராவது ஒரு செடி அன்பாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். இரவில் செடியும் பாசியும்கூடக் காற்றை எடுத்துக்கொள்ளும், தண்ணீர் சூடாக இருந்தால் காற்று தங்குவதும் குறைவு. உடனே இரண்டு குடம் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுங்கள். வேப்பிலை விழுந்தால் அன்றன்றே எடுத்துவிட வேண்டும், அழுகும் இலையும் அதே காற்றைத்தான் தின்னும்.

கொசு ஒழிப்புத் தங்கை எழுதியது:

ஆச்சி, நான் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டி பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அண்ணன் சொன்னதில் ஒன்று மட்டும் கவனம். அண்டாவுக்கும் டப்புக்கும் நடுவில் மணல் விளிம்புவரை இருக்க வேண்டும். குறைந்தால் மழைத்தண்ணீர் அங்கே நிற்கும், அங்கே மீனும் இல்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும், நம் வெயிலில் ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் காலியாகக் கிடக்கிற சட்டி, வாளியைக் கவிழ்ப்பதோடு விடாமல் உட்புறத்தைத் தேய்த்தும் கழுவுங்கள். இன்னொன்று, மீன் விடாமல் மூன்று வாரம் என்றால் அதுவரை கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டுங்கள், அல்லது வாளியில் இருக்கும் நான்கில் இரண்டை முதல் வாரமே விட்டுவிடுங்கள். மீன் ஓடுகிற தொட்டியை இதுவரை நான் கொட்டச் சொன்னதில்லை.

பள்ளத்தூர் தொட்டிக்காரன் எழுதியது:

தங்கை சொல்வது சரி, மணல் விஷயத்தை நான் யோசிக்கவில்லை. காரம் போய்விட்டதென்றால் இரண்டு மீன்களை முதலிலேயே விடுங்கள். முடிந்தால் கப்பிக்குப் பதில் முண்டக்கண்ணி தேடுங்கள், கண்மாயில் மேல்தண்ணீரில் ஓடும், தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும். நம் ஊர் மீன், கொசுப்புழுவை நன்றாகத் தின்னும். ஆனால் துள்ளும், தண்ணீரை விளிம்புக்கு நான்கு விரல் கீழே வையுங்கள்.

தேவகோட்டை வளவு எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

அண்ணே, தங்கச்சி, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கல்தொட்டியை ஐந்து தடவை நிரப்பிக் கொட்டினேன், கொட்டிய தண்ணீர் ஒவ்வொரு தடவையும் வெள்ளை குறைந்து வந்தது. களிமண்ணுக்கு எங்கள் பண்ணையாள் வயலிலிருந்து இரண்டு சாக்கு கொண்டுவந்தார். பத்தாம் நாள் தண்ணீர் பச்சையானபோது கை துறுதுறுத்தது, ஆனாலும் கொட்டவில்லை. இப்போது அடியில் இருக்கும் செங்கல் தெரிகிறது. மூன்று நாளுக்கு ஒரு குடம் ஊற்றினால் மட்டம் நிற்கிறது.

வாளியில் பிழைத்த நான்கும் தொட்டியில்தான் இருக்கின்றன. முண்டக்கண்ணி இன்னும் கிடைக்கவில்லை. ஏழு இலை விரிந்திருக்கிறது, எட்டாவதற்குப் பக்கத்தில் தடியாக ஒன்று எழும்பி வருகிறது, இலையா மொட்டா என்று தெரியவில்லை. நுனி கூம்பாக, பச்சையில் லேசாகச் சிவப்பு ஓடுகிறது. அண்ணே, அது மொட்டுதானே?

பள்ளத்தூர் தொட்டிக்காரன் எழுதியது:

இலை என்றால் இரண்டு பக்கமும் சுருட்டிக்கொண்டு மேலே வரும். நீங்கள் சொல்வது மொட்டுதான் ஆச்சி. தண்ணீருக்கு மேலே வந்ததும் காலையிலும் பாருங்கள், பொழுது சாய்ந்த பிறகும் ஒருமுறை போய்ப் பாருங்கள். நம் ஊர்ச் சிவப்பு அல்லி என்றால் ராத்திரியில்தான் விரியும்.