தோளில் ஊன்றக் கட்டையில்லாத பழைய துவக்கு

ஆரையம்பதி வாசகர்:
பிரான்சில் வசிக்கும் என் சித்தப்பா, லாவோஸ் மலைப்பகுதி மொங் மக்கள் கையால் செய்த பழைய துவக்கொன்றை வாங்கிப் படம் அனுப்பியுள்ளார். நம் பக்கத்து இடியன் துவக்கைப் போல வாய்வழியே மருந்து இடிப்பதுதான். ஆனால் குழல் மிக நீளமாகவும் பிடி மிகச் சிறிதாகவும் இருக்கின்றன. இதை எவ்வாறு பிடித்துச் சுடுவார்கள்?

அக்கரைப்பற்று அன்பர்:
பிடியைக் கன்னத்தோடு சேர்த்தே குறி பார்ப்பார்கள். நீண்ட குழலின் பாரமே பின்னுதைப்பைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மொங் கொல்லர்கள் இரும்பு வேலையில் தேர்ந்தவர்கள். கறுப்பு மருந்தையும் அம்மக்களே, குகைகளில் கிடைக்கும் வௌவால் எச்சத்திலிருந்து எடுத்த வெடியுப்போடு கரியும் கந்தகமும் கலந்து தயாரித்தார்கள்.

படுவான்கரை வாசகர்:
முதலில் குழல் வெறுமையாக உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மரக்கோலொன்றை வாயிலிருந்து அடிவரை செலுத்தி அடையாளமிட்டு, அதே நீளத்தைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்க்கும்போது, கோலின் முனை பற்றுத்துளைவரை (மருந்துக்கு நெருப்புச் செல்லும் சிறு துளை) எட்டாவிட்டால் உள்ளே மருந்தும் ரவையும் கிடக்கலாம். பல்லாண்டு கழிந்தாலும் உலர்ந்த கறுப்பு மருந்து வெடிக்கக்கூடியது. துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம், பழம்பொருளின் மதிப்பே போய்விடும். மட்டக்களப்புக்குக் கொண்டுவரும் எண்ணமிருந்தால், பழையதுதானே என்று நம்பிப் புறப்படாமல், பாதுகாப்பு அமைச்சிடம் முன்கூட்டியே விசாரிக்கட்டும்.

ஆரையம்பதி வாசகர்:
நன்றி. தீப்பொறி தட்டும் கல்லைக் கவ்வும் தாடை வெறுமையாக உள்ளதாம். புதிய கல் பொருத்தலாமா?

படுவான்கரை வாசகர்:
காட்சிக்கு வைப்பதென்றால் கல் எதற்கு? மரத்துண்டொன்றைச் செதுக்கிப் பொருத்தினால் போதும்.