சுண்டெலியின் மணமும் நினைவும்: விளக்க யாரும் இருக்கிறீங்களா?
வணக்கம். வெள்ளவத்தையில தமிழ்மூலம் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறன். மணம், ஒளி மாதிரித் தூண்டல்களை உணர்ற வாங்கிகள் பற்றிச் சொல்லேக்க ஒரு பிள்ளை கேட்ட கேள்வி மூண்டு நாளா மண்டைக்குள்ள நிக்குது.

சுண்டெலிகள் ஒன்றையொன்று முக்கியமா மணத்தாலதான் அடையாளம் காணும். ஒக்ஸிடோசின் எண்ட ஓமோனுக்குரிய மரபணுவை நீக்கின எலிக்கோ, கொஞ்சம் முன்னம் சந்திச்ச எலியும் புது எலிதான். திரும்பத் திரும்ப மணந்து பார்க்கும். மூக்கில பிழையில்லை, ஒளிச்சு வச்ச சாப்பாட்டைக் கண்டுபிடிக்குது! அமிக்டலா எண்ட மூளைப் பகுதியில ஒக்ஸிடோசின் குடுத்தா அந்த அறிமுக நினைவு திரும்புது.

அப்ப சாப்பாட்டு மணமும் சக எலியின் மணமும் மூளையில எங்க பிரியுது? நரம்பியல் படிச்ச ஆராவது தமிழில விளக்குவீங்களா? குரல்பதிவு போதும். சனிக்கிழமை வகுப்புக்கே வந்தா இன்னும் சந்தோசம். அந்தப் பிள்ளைக்கு அரைகுறைப் பதில் சொல்ல மனம் வரேல்ல.